கட்டணம் கட்டாததால் படிப்பு நின்றதா, படிப்பு நின்றதால் கட்டணம் கட்டவில்லையா? இடைநிற்றல் தரவில் ரெக்ரஷன்

கட்டணத்தைக் காலத்தில் கட்டாத 528 மாணவர்களில் 457 பேர் படிப்பைப் பாதியில் விட்டார்கள். ஒழுங்காகக் கட்டிய 3,896 பேரில் விட்டவர்கள் 964. முதல் கூட்டத்தில் 86.6 சதவீதம், இரண்டாவதில் 24.7 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் பணம் இல்லாமல்தான் படிப்பு நிற்கிறது என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் படிப்பை விடுவதென்று முன்பே முடிவெடுத்த மாணவர் அடுத்த தவணையை எதற்காகக் கட்டுவார்? அந்தக் கதைக்கும் இதே எண்கள் அப்படியே பொருந்தும். ரெக்ரஷன், அதாவது ஒரு முடிவு பல விவரங்களோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று எண்ணாகக் கணக்கிடும் புள்ளியியல் முறை, தனியாக இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. எந்தத் தகவல் எந்த நாளில் பதிவானது என்று நாம் சொல்லிக் கொடுத்தால்தான் அதனால் பிரிக்க முடியும்.

இந்த எண்கள் போர்த்துகலிலிருந்து வருபவை. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய போர்த்தலெக்ரே நகரிலுள்ள பாலிடெக்னிக் நிறுவனம், 2008-09 முதல் 2018-19 வரையிலான தன் மாணவர் பதிவுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டிருக்கிறது. பாலிடெக்னிக் என்றாலும் அங்கே நடப்பவை பட்டப்படிப்புகள்: நர்சிங், வேளாண்மை, இன்ஃபர்மேடிக்ஸ் எஞ்சினியரிங், சமூகப்பணி, இதழியல் என மொத்தம் 17. மாணவர்கள் 4,424 பேர். ஒவ்வொருவரைப் பற்றியும் 36 விவரங்கள், கடைசியில் ஒரு முடிவு. யுசிஐ மெஷின் லேர்னிங் களஞ்சியம் என்ற இணையத் தரவுத் தொகுப்பில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இடைநிற்றலில் ரெக்ரஷன் பழக இதைவிட நல்ல தரவு பொதுவெளியில் கிடைப்பது அரிது. தவறு செய்யக்கூடிய இடங்கள் எல்லாமே இதற்குள் இருக்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் யாரை “விட்டவர்” என்பது

முடிவு என்ற கட்டத்தில் மூன்று வகை உண்டு. படிப்பை விட்டவர்கள் 1,421, பட்டம் பெற்றவர்கள் 2,209, படிப்புக்குரிய காலம் முடிந்த பிறகும் படித்துக்கொண்டே இருப்பவர்கள் 794. இந்த 794 பேரை என்ன செய்வது என்பதுதான் முதல் முடிவு. பலரும் இதை யோசிக்காமலேயே எடுத்துவிடுகிறார்கள்.

அவர்களை “விடாதவர்” பக்கம் சேர்த்தால் இடைநிற்றல் 32.1 சதவீதம். “இன்னும் தெரியாது” என்று தள்ளிவைத்தால் மீதி 3,630 பேரில் 39.1 சதவீதம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: மூன்று வகைகளையும் அப்படியே வைத்து மல்டிநாமியல் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் ஓட்டுவது. தாமதமாகப் படிப்பதும் படிப்பை விடுவதும் வெவ்வேறு காரணங்களால் நடக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் இதுவே நேர்மையான வழி. வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படிப்பவர் தாமதமாவார், ஆனால் விடமாட்டார். அவரையும் முதல் செமஸ்டரோடு காணாமல் போனவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தத் தரவில் வேறு படிப்புக்கு மாறியவரும் வேறு கல்லூரிக்குப் போனவரும் “விட்டவர்” கணக்கில்தான் வருகிறார்கள். நிறுவனத்தின் பார்வையில் அது இழப்பு. மாணவரின் பார்வையில் அது நல்ல முடிவாகக்கூட இருந்திருக்கலாம். கட்டுரையோ அறிக்கையோ எழுதும்போது இந்த வரையறையை முதல் பத்தியிலேயே போட்டுவிடுவது நல்லது.

ஒரு கெழுவைக் கையால் போட்டுப் பார்த்தல்

முடிவு ஆம், இல்லை என்று இருக்கும்போது சாதாரண நேர்கோட்டு ரெக்ரஷன் சில மாணவர்களுக்குச் சுழியத்துக்குக் கீழான நிகழ்தகவும், சிலருக்கு ஒன்றுக்கு மேலும் சொல்லிவிடும். அதனால் லாஜிஸ்டிக் ரெக்ரஷன். அது நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடாமல், ஆட்ஸ் என்ற விகிதத்தின் மடக்கையைக் கணக்கிடுகிறது. ஆட்ஸ் என்றால் விட்டவர் எண்ணிக்கையை விடாதவர் எண்ணிக்கையால் வகுத்து வருவது. மென்பொருள் ஒவ்வொரு மாறிக்கும் (விவரத்துக்கும்) துப்பும் எண்ணுக்கு, அதாவது கெழுவுக்கு, அர்த்தம் புரிய வேண்டுமானால் ஒரு தடவையாவது கால்குலேட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். உதவித்தொகை இல்லாதவர் 3,325. அவர்களில் விட்டவர் 1,287, விடாதவர் 2,038. ஆட்ஸ் 0.6315. உதவித்தொகை பெற்றவர் 1,099. விட்டவர் 134, விடாதவர் 965. ஆட்ஸ் 0.1389. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.22. அதன் இயல் மடக்கை −1.51. உதவித்தொகை என்ற ஒரே மாறியை மட்டும் கொடுத்து எந்த மென்பொருளில் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் ஓட்டினாலும் கெழு இந்த −1.51-தான் வரும். மாறிலி 0.6315-இன் மடக்கை, அதாவது −0.46. கெழு எவ்வளவு தள்ளாடக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழையையும் கையாலேயே போடலாம்: நான்கு எண்ணிக்கைகளின் தலைகீழிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.099. அதிலிருந்து ஆட்ஸ் விகிதத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.18 முதல் 0.27 வரை.

இந்த 0.22-ஐ எழுத்தில் மாற்றும்போதுதான் அடிக்கடி சறுக்குகிறார்கள். “உதவித்தொகை பெற்றால் இடைநிற்கும் வாய்ப்பு 78 சதவீதம் குறைகிறது” என்று எழுதிவிடுகிறார்கள். 78 சதவீதம் குறைவது ஆட்ஸ். நிகழ்தகவு 38.7-லிருந்து 12.2 சதவீதமாகிறது, அதாவது 68 சதவீதக் குறைவு. முதல்வருக்கோ நிர்வாகக் குழுவுக்கோ சொல்வதென்றால் “நூற்றுக்கு 39 பேர், நூற்றுக்கு 12 பேர்” என்று சொல்லுங்கள். பல மாறிகள் உள்ள மாதிரியிலும் (மாடலிலும்) கடைசியில் இப்படி நிகழ்தகவாக மாற்றி, எல்லா மாணவர்களுக்கும் சராசரி எடுத்துத்தான் தர வேண்டும். ஆட்ஸ் விகிதத்தை அப்படியே மேசையில் வைத்தால் கேட்பவர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்.

அந்த 794 பேரைத் தள்ளிவிட்டு இதே கணக்கைப் போட்டால் ஆட்ஸ் 0.937, 0.160 என்றாகி, கெழு −1.76 வருகிறது. தரவு மாறவில்லை, மாணவர்களும் மாறவில்லை. வரையறை மாறியதால் மட்டும் −1.51, −1.76 ஆகிவிட்டது. இரண்டு ஆய்வுகளின் கெழுக்களை ஒப்பிட்டு “அங்கே உதவித்தொகை அதிகம் உதவுகிறது” என்று சொல்வதற்கு முன் இதைச் சோதிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாறிக்கும் ஒரு தேதி

இனி மையமான விஷயம். மாதிரியில் போடும் முன் ஒவ்வொரு மாறிக்கும் எதிரே “இது எப்போது தெரியவரும்” என்று எழுதுங்கள். சேர்க்கை மதிப்பெண், வயது, சேர்ந்த வழி, தாய் தந்தையின் படிப்பு எல்லாம் சேரும் நாளிலேயே தெரிந்தவை. முதல் செமஸ்டரில் எத்தனை பாடங்களில் தேறினார் என்பது சில மாதம் கழித்து. இரண்டாம் செமஸ்டர் முடிவு, ஒரு வருடம் கழித்து. கட்டணம் கட்டியாயிற்றா என்ற நிரலுக்குத் தேதியே இல்லை. ஒரு மாணவருக்கு ஒரே வரி, அதில் ஆம் அல்லது இல்லை. அந்த “இல்லை” மாணவர் போவதற்கு முன் விழுந்ததா, போன பின் விழுந்ததா என்று அந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கட்டண மாறியின் ஆட்ஸ் விகிதம் 19.6. தரவில் உள்ள ஆம்-இல்லை மாறிகளிலேயே மிகப் பெரியது இது. மாதிரியின் துல்லியத்தை இது ஒரே தூக்காகத் தூக்கிவிடும். பட்டியலின் உச்சியில் நிற்கும், விளக்கப்படத்தில் அழகாக இருக்கும். ஆனால் முடிவு நடந்த பிறகு பதிவான தகவல் காரணங்களுக்குள் கலந்திருந்தால், அந்த மாதிரி எதையும் கணிக்கவில்லை, நடந்ததைத் திருப்பிச் சொல்கிறது. ஏற்கெனவே போய்விட்ட மாணவரை “அபாயம்” என்று சுட்டிக்காட்டி என்ன பயன்?

இதற்காகக் கட்டணம் முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011-இல் ஒரு சிறு உதவித் திட்டம் தொடங்கியது. சில நூறு டாலர் பாக்கிக்காகவே வகுப்புகளிலிருந்து பெயர் நீக்கப்படும் மாணவர்களைப் பார்த்து, அந்தப் பாக்கியை அவர்கள் கணக்கில் நேரடியாகச் செலுத்தியது. அங்கே வரிசை தெளிவாக இருந்தது: பாக்கி முதலில், பெயர் நீக்கம் பிறகு. தேதி தெரிந்ததால்தான் செய்ய வேண்டியதும் தெரிந்தது.

உதவித்தொகை மாறியிலும் இதே சிக்கல் கொஞ்சம் மறைந்து கிடக்கிறது. போர்த்துகலில் அரசு உதவித்தொகையைப் புதுப்பிக்கக் குறிப்பிட்ட அளவு பாடங்களில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர் தொகையை இழக்கிறார், படிப்பையும் விடுகிறார். பணம் படிப்பைக் காப்பாற்றுகிறதா, நன்றாகப் படிப்பவரிடம் பணம் தங்குகிறதா என்று −1.51 என்ற எண் பிரித்துச் சொல்வதில்லை. சேர்ந்த முதல் மாதத்தில் யாருக்கு உதவித்தொகை இருந்தது என்ற பதிவு இருந்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். உங்கள் கல்லூரித் தரவை நீங்களே எடுக்கிறீர்கள் என்றால் அலுவலகத்தில் கேட்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

நடைமுறையில் ஒரே மாதிரிக்குப் பதில் மூன்று மாதிரிகள் வேண்டும். முதலாவது, சேரும் நாளில் தெரிந்தவை மட்டும். இரண்டாவதில் முதல் செமஸ்டர் முடிவுகள் சேரும். மூன்றாவதில் இரண்டாம் செமஸ்டரும். முதல் மாதிரியின் துல்லியம் குறைவாகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேரும் நாளன்றே ஒரு பிள்ளை படிப்பை விடுவாரா என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது மாதிரியில் உதவித்தொகையின் கெழு சுருங்கும். அதைப் பார்த்து “தேர்ச்சியைக் கணக்கில் எடுத்தால் உதவித்தொகைக்குப் பங்கு குறைவு” என்று எழுதுவது தவறு. உதவித்தொகை வேலை செய்யும் வழியே தேர்ச்சியாக இருக்கலாம்: பணம் இருப்பதால் பகுதிநேர வேலை குறைகிறது, அதனால் அரியர் விழுவதில்லை, அதனால் படிப்பு தொடர்கிறது. நடுவில் இருக்கும் படியை மாதிரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் அந்த வழியாக வரும் விளைவு கணக்கில் வராமல் போகும். காரணம் தேடுகிறீர்கள் என்றால் நடுப்படியைச் சேர்க்கக் கூடாது. யாரைக் கவனிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறீர்கள் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ஒரே மாதிரியை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துவதால்தான் பல அறிக்கைகள் குழம்பிப்போகின்றன.

எண் போலத் தெரியும், எண்ணாக இருக்காது

படிப்புகளுக்குக் குறியீட்டு எண்கள் உண்டு. நர்சிங் 9500, உயிரி எரிபொருள் உற்பத்தி 33. கோப்பை ஏற்றியதும் மென்பொருள் இதை எண் என்றே எடுத்துக்கொள்ளும். நர்சிங், உயிரி எரிபொருளைவிட 9,467 அலகு ஏதோ ஒன்றில் கூடுதல் என்று கணக்குப் போடும். கெழுவும் வரும், முக்கியம் என்று காட்டும் நட்சத்திரக் குறியும் விழும், பிழைச் செய்தி மட்டும் வராது. சேர்ந்த வழி, திருமண நிலை, பெற்றோரின் தொழில் எல்லாவற்றிலும் இதே பொறி. சேர்ந்த வழியில் 39 என்றால் 23 வயதைத் தாண்டியவர்களுக்கான தனி வழி. 39 என்பதற்கு எண்ணாக ஒரு பொருளும் இல்லை. வகை மாறி என்று அறிவித்து, 17 படிப்புகளுக்கு 16 ஆம்-இல்லை மாறிகளாகப் பிரித்து, ஒன்றை அடிப்படையாக வைக்க வேண்டும். அடிப்படையாக மாணவர் அதிகமுள்ள படிப்பை வைப்பது வசதி. இங்கே அது 766 பேர் படிக்கும் நர்சிங்.

படிப்பைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாலின மாறியில் பார்க்கலாம். ஆண்களில் 45 சதவீதம் விடுகிறார்கள், பெண்களில் 25. ஆனால் நர்சிங்கில் விடுபவர்கள் நூற்றுக்கு 15 பேர் அளவில்தான், அங்கே பெண்களே அதிகம். இன்ஃபர்மேடிக்ஸ் எஞ்சினியரிங்கில் பாதிக்கு மேல் விடுகிறார்கள், அங்கே ஆண்களே அதிகம். படிப்பை மாதிரிக்குள் கொண்டுவந்ததும் ஆண் என்பதன் கெழு சுருங்கும். “பையன்கள் பொறுப்பில்லாதவர்கள்” என்று எழுதத் துடிப்பவர்கள் அதற்கு முன் இந்த ஒரு படியைச் செய்துவிட வேண்டும்.

முதல் செமஸ்டர் மதிப்பெண் நிரல் இன்னும் வம்பானது. போர்த்துகலில் 20-க்கு மதிப்பெண், தேற 10 வேண்டும். இந்த நிரலில் 0 இருக்கும், அல்லது 10-உம் அதற்கு மேலும் இருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. 0 என்பது மதிப்பெண்ணே இல்லை: தேறிய பாடம் ஒன்றும் இல்லை, அல்லது தேர்வே எழுதவில்லை. இதை அப்படியே போட்டால் மதிப்பெண்ணின் கெழு 0-க்கும் 10-க்கும் இடையிலான பள்ளத்தைத்தான் அளக்கும். 11 வாங்கியவருக்கும் 15 வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் அதில் அமுங்கிவிடும். “எதிலும் தேறவில்லை” என்று ஒரு ஆம்-இல்லை மாறி, தேறியவர்களுக்கு மட்டும் மதிப்பெண் என்று இரண்டாகப் பிரித்தால் சரியாகும்.

இரண்டு செமஸ்டர்களிலும் தேறிய பாட எண்ணிக்கைகளுக்கு இடையே ஒட்டுறவு 0.9 அளவில் (1 என்றால் இரண்டும் முழுக்கச் சேர்ந்தே நகரும்). இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றின் கெழு வீங்கும், மற்றதன் குறி தலைகீழாகக்கூட மாறும். “இரண்டாம் செமஸ்டரில் அதிகம் தேறினால் இடைநிற்றல் குறைகிறது, முதல் செமஸ்டரில் அதிகம் தேறினால் கூடுகிறது” என்று வந்தால் தத்துவம் தேட வேண்டாம். முதல் செமஸ்டர் தேர்ச்சி, அதிலிருந்து இரண்டாவதில் வந்த மாற்றம் என்று மாற்றி எழுதினால் தெளிந்துவிடும்.

கடைசி மூன்று நிரல்கள் வேலையின்மை, பணவீக்கம், மொத்த உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சி. 4,424 வரிகளிலும் எண்கள் இருப்பதால் நிறையத் தகவல் போலத் தெரியும். வேலையின்மை நிரலில் உள்ள வெவ்வேறு மதிப்புகளை எண்ணிப் பாருங்கள், பத்துதான். ஒரே ஆண்டில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே எண். பத்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டு மூன்று பொருளாதார மாறிகளின் விளைவைத் தனித்தனியாகப் பிரிப்பது நடக்காத காரியம். மென்பொருளோ 4,424 தனித்தனிச் சாட்சிகள் என்று நினைத்துத் திட்டப் பிழையை மிகச் சிறிதாகக் காட்டும். சேர்ந்த ஆண்டுவாரியாக மாணவர்களைக் கொத்துகளாக எண்ணிப் போடும் கொத்துத் திட்டப் பிழை கேட்பது ஒரு வழி, ஆனால் பத்தே கொத்துகள் என்றால் அதையும் முழுதாக நம்ப முடியாது. மூன்றையும் எடுத்துவிட்டு, சேர்ந்த ஆண்டு தெரிந்தால் அதையே வகை மாறியாகப் போடுவது மேல்.

எத்தனை மாறிகள் தாங்கும் என்பதற்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: விட்டவர்களும் விடாதவர்களும் எந்தப் பக்கம் குறைவோ, அதில் பத்துப் பேருக்கு ஒரு கெழு. 1,421 பேருக்கு நூறு கெழுக்கூடத் தாங்கும். ஐந்து ஆண்டுகளில் 40 பேர் மட்டும் விட்ட ஒரு சிறிய கல்லூரிக்கு நாலு கெழுவுக்கு மேல் வேண்டாம். அதையும் மீறிச் சேர்த்தால் ஏதாவது ஒரு வகையில் எல்லோரும் விட்டவர்களாகவோ, யாருமே விடாதவர்களாகவோ அமைந்துவிடும். அப்போது கெழு 15, 20 என்று பறக்கும், திட்டப் பிழை நூற்றுக்கணக்கில் போகும். அந்த அடையாளத்தைக் கண்டால் வகைகளை ஒன்றுசேர்க்க வேண்டும், அல்லது இப்படிப் பறக்கும் கெழுவைச் சுருக்கும் ஃபெர்த் முறைத் திருத்தம் செய்ய வேண்டும்.

மாணவருக்கு ஒரு வரி போதாது

தேதிப் பிரச்சினைக்கு முறையான தீர்வு, மாணவருக்கு ஒரு வரி என்பதை விட்டு, ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு வரி போடுவது. மூன்றாம் செமஸ்டரில் விட்டவருக்கு மூன்று வரிகள்: முடிவு நிரலில் 0, 0, 1. ஆறு செமஸ்டரும் முடித்தவருக்கு ஆறு 0. இன்னும் படித்துக்கொண்டிருப்பவருக்கு இதுவரையான செமஸ்டர்கள் மட்டும், எல்லாம் 0. அந்த 794 பேரை எந்தப் பக்கம் போடுவது என்ற சண்டையே இதில் வராது. பிறகு அதே லாஜிஸ்டிக் ரெக்ரஷன்தான், செமஸ்டர் எண்ணை வகை மாறியாகச் சேர்த்து ஓட்டினால் போதும்.

இந்த வடிவத்தில் கட்டண மாறியை முந்தைய செமஸ்டரின் மதிப்பாகப் போடலாம்: இரண்டாம் செமஸ்டரில் பாக்கி வைத்தவர் மூன்றாம் செமஸ்டரில் விட்டாரா என்ற கேள்வி. அப்போது பாக்கி முடிவுக்கு முன்னால் வருகிறது. 19.6 இறங்கும், ஆனால் மிஞ்சுகிற எண்ணை வைத்து வேலை செய்யலாம். எந்தச் செமஸ்டரில் அபாயம் உச்சம் என்பதும் கூடவே தெரியும். ஒரு வரித் தரவு அதைச் சொல்லவே சொல்லாது.

மாதிரியை மதிப்பிடும்போது துல்லியச் சதவீதத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. “யாருமே விடமாட்டார்கள்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூட இந்தத் தரவில் 67.9 சதவீதம் சரியாக வரும். பழைய பேட்சுகளை வைத்து மாதிரி கட்டி, அடுத்த பேட்சில் சோதிக்க வேண்டும். ஆலோசகர்களால் 60 பேரைத்தான் பார்க்க முடியும் என்றால், பட்டியலில் மேலிருந்து 60 பேரில் எத்தனை பேர் உண்மையில் விட்டார்கள் என்பதுதான் தேவையான எண்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ரெக்ரஷன் தருவது யார் விடுகிறார்கள் என்ற படம். எதைச் செய்தால் நிற்பார்கள் என்பதற்குச் சோதனை வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டம் அப்படிச் சோதிக்கப்பட்டது. முழுநேரப் படிப்பு கட்டாயம், குறைவான மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர், கட்டண விலக்கு, பாடப்புத்தகம், பயண அட்டை எல்லாம் சேர்ந்த திட்டம். 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40.1 சதவீதம், வெளியே 21.8 சதவீதம். குலுக்கல் என்பதால் ஆர்வம், குடும்பச் சூழல், வீட்டுத் தூரம் என்று பதிவேட்டில் இல்லாதவைகூட இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. ஆனால் அந்த 18 புள்ளிகளில் ஆலோசகருக்கு எவ்வளவு, பயண அட்டைக்கு எவ்வளவு என்று அந்தச் சோதனை பிரிக்கவில்லை.

சாதாரணக் கல்லூரியும் சிறிய அளவில் இதைச் செய்யலாம். அபாயப் பட்டியலில் 120 பேர், இடம் 60 பேருக்குத்தான் என்றால், ஆசிரியர் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதைவிடக் குலுக்கிப் போடுவதே நியாயம், ஒப்பிடுவதற்கும் வழி செய்யும். ஒரே பேட்சில் விடை கிடைக்காது. இடைநிற்றல் 30-லிருந்து 20 சதவீதமாகக் குறைவதை நம்பகமாகக் காண, வழக்கமான 5 சதவீதப் பிழை (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்ற அளவுகோலில், பக்கத்துக்குச் சுமார் 290 பேர் வேண்டும். ஆண்டுக்கு 60 பேர் வீதம் ஐந்து பேட்சுகள்.